ஜோடிச் சக்கரம்

திருவாலங்காட்டிலிருந்து காலை ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கிய கெங்கம்மாளின் பையில் இரண்டு இரும்புப் பல்சக்கரங்கள் இருந்தன. ஒன்று ஆயில் இன்ஜினில் பல் உடைந்துபோனது. மற்றது அதோடு சேர்ந்து சுற்றும் ஜோடி. அதற்கு ஒரு குறையும் இல்லை. கிணற்றில் தண்ணீர் தளும்புகிறது, இன்ஜின் ஓடாததால் நாலு நாளாக வயலுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு நாள் போனால் ஒன்றரை ஏக்கரும் பதர்தான்.

புருஷன் தணிகாசலம் நல்ல மனிதர். ஆனால் கடைக்காரன் "அதேதான்" என்றால் நம்பிவிடுவார். மூர் மார்க்கெட்டுக்குப் போய் உடைந்த சக்கரத்தைக் காட்டி இரண்டு தரம் வாங்கிவந்தார், இரண்டும் பொருந்தவில்லை. "நீ ஊட்ல இரு, நான் போய்க்கினு வரேன்" என்று கெங்கம்மாளே கிளம்பிவிட்டாள். மெட்ராஸ் அவளுக்குப் பயமில்லை. கேட்டால் சொல்லாமலா போய்விடுவார்கள்?

மூர் மார்க்கெட்டைச் சுற்றி நடைபாதை முழுக்கக் கடை. கிராமபோன், கூண்டுக்கிளி, எப்போதோ செத்துப்போன யாருடையதோ மூக்குக்கண்ணாடி, எது வேண்டும்? கிளிக்காக மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பழைய இரும்புக் கடைகளின் முன்னால் ஒவ்வொன்றாகக் குந்தினாள். கடைக்காரர் கொடுத்த சக்கரத்தின் பல்லை முதலில் எண்ணுவாள், பிறகு அதைத் தன் ஜோடிச் சக்கரத்தோடு சேர்த்துச் சுற்றிப் பார்ப்பாள்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்க மாப்ளையையே இட்டாந்துகீற?" என்றான் ஒரு கடைக்காரன்.

"பின்ன? குடும்பம் நடத்தப் போறது அவருதானே, நீயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் அந்தச் சக்கரம் சிக்கியது. எழுந்து அடுத்த கடைக்குப் போனாள்.

உச்சி வெயிலில்தான் அது கண்ணில் பட்டது. ஆணியும் போல்ட்டும் நிறுத்து விற்கும் தாவீது என்பவரின் தராசில், எடைக்கல்லாக ஒரு பல்சக்கரம் கிடந்தது. கெங்கம்மாள் எடுத்துப் பல் எண்ணினாள். ஜோடியோடு வைத்துச் சுற்றினாள். எங்கேயும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா. ரெண்டு கிலோ கல்லு. அத குடுத்துட்டு நான் இன்னாத்த வெச்சி நிறுக்கிறது? பேஜாரு பண்ணாத" என்றார் தாவீது.

அவள் ஒரு தட்டில் அவருடைய சக்கரத்தையும் மறு தட்டில் தன் உடைந்த சக்கரத்தையும் எடுத்து வைத்தாள். உடைந்தது மேலே ஏறி நின்றது. அவர் குவியலிலிருந்தே போல்ட்டுகளை அதோடு சேர்த்துப் போட்டாள். மூன்றாவது போல்ட்டில் முள் நேராயிற்று.

"இத்த கம்பி போட்டுக் கட்டிக்கோ. உன் ரெண்டு கிலோ இதோ கீது. போல்ட்டுக்கும் சேத்து டப்பு குடுத்துடறேன்."

தாவீது முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உனுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டுக்கொண்டே கம்பியைத் தேட ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஊர் திரும்பிச் சக்கரத்தை மாட்டியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தொட்டியில் கொட்டிய சத்தத்தில் கெங்கம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. தணிகாசலத்துக்குத்தான் மனசு ஆறவில்லை.

"நானும் அங்கதான ரெண்டு நடை அலைஞ்சேன், எனக்கு ஏன் கெடைக்கல?"

"நீ ஒடஞ்சத காட்டிக் கேட்ட. நான் ஓடறத காட்டிக் கேட்டேன்."

மேலே பேச அவளுக்கு நேரமில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மடை திறக்கத் தண்ணீருக்கு முன்னால் ஓடினாள்.