தாத்தா நிரப்பிய படிவம்

எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். கடைக்குள் அவர் தலை தெரிந்தாலே கடைக்காரன் முகம் சுண்டிப்போகும். பத்து கிராம் குறைந்தாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் மசிய மாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றுதான் பெயர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. தன் வீட்டைப் பார்த்து ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை என்று நிமிர்ந்து நடந்தவர். அது ஒன்றும் குற்றமில்லை. சம்பாதிக்க அத்தனை வருடம் பிடித்த பெயர்.

பேத்திக்கு நான்கு வயது எட்டு மாதம். சிட்டு என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள்.

மகனுக்குக் கப்பலில் வேலை; வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவான். மருமகள் தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். பகல் முழுக்கச் சிட்டு தாத்தாவின் பொறுப்பு. மாலையில் மருமகள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: “இன்னிக்கு என்ன பண்ணினா மாமா?” களைத்து வந்தவளிடம் என்ன சொல்வது? “சமர்த்தா இருந்தா. உன்னைத்தான் தேடினா” என்பார்.

ஆஸ்பத்திரிப் படிவத்தை அவர் முன்னால் வைத்தவளும் அவள்தான். குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் நிரப்ப வேண்டும் என்று அதிலேயே அச்சாகியிருந்தது. நாற்பது கேள்விகள். எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை என்று எதிரே மூன்று கட்டங்கள்.

“ஆட்டிசம்னு உறுதியானா அங்கயே நடக்கிற காலைப் பயிற்சி வகுப்புல சேத்துப்பாங்க மாமா. எட்டு பிள்ளைங்களுக்குத்தான் இடம். அஞ்சு வயசு தாண்டிட்டா எடுக்கவே மாட்டாங்க. பாத்து உள்ளபடி எழுதுங்க.”

“எனக்கே அளவு சொல்லித் தர்றியா?”

“ஐயோ, உங்களுக்குப் போய்ச் சொல்வேனா!” என்று சிரித்தாள்.

முதலில் பென்சிலால் உள்ளபடிதான் எழுதினார். சிட்டு யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை; தண்ணீர் வேண்டுமென்றால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் குழாயின் மேல் வைப்பாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மின்விசிறியை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒன்பதாம் கேள்வியில் நிறுத்திப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாக் குறிகளும் கடைசிக் கட்டத்திலேயே வரிசையாக இறங்கியிருந்தன. கடைக்காரர்கள் மேல் அவர் எழுதிய குற்றப்பட்டியல் போலவே இருந்தது. அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் பெயர்.

வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர் முந்தின நாள்தான் கேட்டிருந்தார்: “பேத்தி வாயே திறக்க மாட்டேங்குறாளாமே? அந்த வரத்தை எங்க வீட்டம்மாவுக்கும் கொஞ்சம் வாங்கிக் குடுங்க, புண்ணியமாப் போகும்.” கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தராசுக்காரரும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ரப்பரை எடுத்தார். ‘சில சமயம்’ என்று ஒன்றை மாற்றினார். பிறகு கை கூசவில்லை. ‘அம்மா என்று கூப்பிடுகிறாளா?’ என்ற கேள்விக்கு ‘எப்போதும்’ என்று பேனாவாலேயே போட்டார்.

அதோடு விடவில்லை. ஒரு வாரம் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பூனை, பந்து, சாவி. ஒரு படத்துக்கு ஒரு பிஸ்கட். ஆறாம் நாள் சிட்டு மூன்றையும் ஒப்பித்தாள். பார்த்தாயா, என் பேத்திக்கு என்ன குறை என்று அவருக்கு மார்பு விம்மியது. பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது போலத்தான் செய்தார். தேறினால் இடம் போய்விடும் பரீட்சை அது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

டாக்டரம்மா சின்ன வயது. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். சிட்டு அறைக்குள் வந்ததும் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

“இந்தப் புத்தகத்தைக் காட்டுங்க டாக்டர். இதுதான் அவளுக்குப் பிடிக்கும்” என்று நீட்டினார்.

சிட்டு ஒப்பித்தாள். டாக்டரம்மா படிவத்தைப் புரட்டினாள். “அம்மானு கூப்பிடுறாளாம்மா? எப்போதும்னு போட்டிருக்கே?”

மருமகள் திகைத்துப்போய் மாமனாரைப் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார்.

“எங்கிட்ட கூப்பிட்டதில்ல டாக்டர். ஆனா பகல் முழுக்க மாமாதான் கூட இருக்காரு. இவரு ஒண்ணைக் கூட்டியும் எழுத மாட்டாரு, குறைச்சும் எழுத மாட்டாரு.”

“அப்ப பேச்சு கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். இந்த இடத்தை வெளிய இருக்கிற பிள்ளைக்குக் குடுத்துடறேன். சந்தோஷமாப் போங்க.”

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. மருமகள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். “மாமா, நான் இல்லாதப்ப நிஜமாவே அம்மாங்குறாளா? எப்படிச் சொல்றா? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்.”

அவள் முகத்தில் இருந்த ஆசையை அவர் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இல்லம்மா” என்றார். “ஒரு நாளும் இல்ல.”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

மறுநாள் அவள் லீவு போட்டுக் குழந்தையோடு இருந்தாள். அவர் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே போய் நின்றார். “டோக்கன் இல்லாம மந்திரியே வந்தாலும் உள்ள விட மாட்டேன் பெரியவரே” என்றான் காவலாளி. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவனிடம் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போனார்.

“நான் பொய் எழுதினேன்” என்றார். கதவு திறந்திருந்தது, வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அத்தனையும் பொய். பிள்ளைக்கு ஒப்பிக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்.”

டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினாள். “நேத்து சாயங்காலமே எட்டு இடமும் முடிஞ்சுபோச்சு ஐயா. சேத்த பிள்ளையை எழுப்பி வெளிய அனுப்பச் சொல்றீங்களா?”

“அடுத்த வகுப்பு?”

“எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள இவளுக்கு அஞ்சு தாண்டிடும். பெரிய பிள்ளைங்களுக்கு வேற ஒரு மையம் இருக்கு. அங்க ரெண்டு வருஷத்துக்கு வரிசை. இந்த வயசுல குடுக்கிற பயிற்சியோட பலன் அப்ப அதே அளவுக்கு இருக்கும்னு என்னால சொல்ல முடியாது.” வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதே நாற்பது கேள்விகள்.

வீட்டில் சிட்டு மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடந்தாள். அவர் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவுக்குக் கையை நீட்டினார். மருமகள் தரவில்லை.

“நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்.”

“நீ எதுக்கும்மா? நானே எழுதிடறேன்.”

“எம்பொண்ணு பகல்ல எப்படி இருப்பான்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது மாமா. நீங்க சொன்னதை நம்பிட்டிருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாளா?”

“இல்ல.”

“வேணுங்கிறதை விரல் நீட்டிக் காட்டுறாளா?”

“இல்ல.”

“அழறப்ப தூக்கினா சமாதானம் ஆகுறாளா?”

“இல்ல. இன்னும் அதிகமா அழுவா.”

“வீட்ல ஒருத்தர் வெளிய போயிட்டா தேடுறாளா?”

அவள் தலையை நிமிர்த்தாமல், பேனாவைக் கட்டத்தின் மேலேயே பிடித்தபடி காத்திருந்தாள்.

“தேட மாட்டாம்மா.”

கடைசிக் கட்டத்தில் குறியைப் போட்டாள். இன்னும் முப்பத்தாறு கேள்விகள் இருந்தன.