எங்களைப் பற்றி

விலையைக் கேட்டதும் றவூப் நாற்காலியிலிருந்து எழுந்து, கடையின் மறு மூலையில் நின்ற நான்கு கதவு அலுமாரிக்குப் பக்கத்தில் போய் அதன் மேல் கையை வைத்தார்.

"தங்கச்சி, இது முதிரை மரம். நாலு கதவு, உள்ளுக்கு லொக்கர். மூண்டு பேர் மெனக்கெட்டுச் செஞ்ச சாமான். இத விட உங்கட வெப்சைட் வெல கூட. அத நான் கையால தொட்டுப் பாக்கேலுமா?"

"தொடேலா நானா" என்றாள் ஹிமாயா. "ஆனா இந்த அலுமாரிய அறுகம்பையில இருந்துக்கு ஒருத்தருக்கும் பாக்கேலா. அதப் பாக்கலாம்."

மருதமுனையில் தன் வீட்டு முன்னறையிலிருந்தபடியே அவள் இணையத்தளங்கள் செய்துகொடுத்தாள். வாடிக்கையாளர் எல்லோரும் தூரத்துக்காரர். அவுஸ்திரேலியாவில் நாய்களுக்கு முடி வெட்டுகிற ஒரு பெண், கனடாவில் கூரை திருத்துகிற ஒருவர். அவர்கள் காலையில் மின்னஞ்சல் அனுப்புவார்கள், மாலையில் நன்றி சொல்வார்கள். ஒருவரும் அலுமாரியைத் தொட்டுக் காட்டியதில்லை. சொந்த ஊருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு கடைக்குச் செய்வது இதுதான் முதல் தடவை. இது நன்றாக வந்தால் கல்முனை பிரதான வீதியில் மற்றக் கடைக்காரர்களும் வருவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஸுல்பிகா பர்னிச்சரில் பங்காளிகள் இரண்டு பேர். முன்னால் விற்பனையைப் பார்ப்பவர் றவூப். பின்னால் பட்டறையைப் பார்ப்பவர் அவருடைய மச்சான் பஸால். ஸுல்பிகா றவூபின் மனைவி, பஸாலின் மூத்த சகோதரி. கடைக்குப் பெயர் வைக்கும்போது இருவரும் சண்டை பிடிக்காததற்கு அந்தப் பெயர் இருவருக்கும் பொதுவாக இருந்ததே காரணம். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டி, அந்த வீட்டை நிரப்பியும் கொடுக்கிற ஊர் என்பதால் வியாபாரம் ஒருநாளும் படுத்ததில்லை. ஆனால் இப்போது வரும் மணப்பெண்கள் கடைக்குள் வந்து நின்றுகொண்டே போனில் கொழும்புக் கட்டில்களைப் பார்க்கிறார்கள். போதாததற்கு, அறுகம்பையில் விருந்தினர் விடுதி கட்டும் ஒருவர் எல்லா அறைகளுக்கும் கட்டில் கேட்டிருந்தார். அவருடைய பங்காளி வெளிநாட்டில். "வெப்சைட் இரிந்தா அனுப்புங்க, அவர் பாக்கோணும். மாசம் முடியிறதுக்குள்ள முடிவு எடுக்கிற" என்று சொல்லியிருந்தார்.

"கட்டார்ல என்ட சாச்சாட மகன் சும்மா செஞ்சு தாறன் எண்டவன்" என்றார் றவூப்.

"எப்ப சொன்ன?"

"கொரோனாவுக்கு முந்தி."

அதற்கு மேல் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. விலை ஏன் ஏறுகிறது என்று ஹிமாயா பொறுமையாக விளக்கினாள். எத்தனை பக்கம் என்பதைப் பொறுத்தது. படம் யார் எடுப்பது, எழுத்து யார் எழுதுவது என்பதைப் பொறுத்தது. போனிலும் கணினியிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும். அங்கேயே ஓடர் கொடுக்கிற வசதி வேண்டுமென்றால் அது தனி வேலை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழி வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மூன்று தரம் செய்ய வேண்டும்.

"மூண்டு பாஷையிலயும் ஒரே கட்டில்தானே" என்றார் றவூப்.

"கட்டில் ஒண்டுதான் நானா. அதப் பத்திக் கதைக்கிற கதைதான் மூண்டு." பிறகு அவள் முக்கியமானதைச் சொன்னாள். "எல்லாத்தையும் விடக் காசு ஏறுறது மாத்தத்தாலதான். கட்டிலுக்குப் பொலிஷ் அடிச்சதுக்குப் பொறகு வந்து, தலைமாட்டக் கால்மாட்டுக்கு மாத்துங்க எண்டு ஒருத்தர் சொன்னா என்ன செய்வீங்க?"

"அடிப்பம்" என்று பட்டறையிலிருந்து பஸாலின் குரல் வந்தது.

"நான் அடிக்க மாட்டன். பில் போடுவன். மூண்டு மாத்தம் சும்மா. நாலாவதுல இருந்து காசு."

மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். "எங்களுக்கு ஒரே பேச்சு தங்கச்சி. மாத்தமே வராது" என்றார் றவூப். பஸால் மரத்தூள் படிந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, "மச்சான் சொன்னாச் சரி" என்றார். அன்று அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

படங்களில் அவ்வளவு தகராறு வரவில்லை. றவூப் போனில் எடுத்து அனுப்பிய படங்களில் எல்லாக் கட்டிலிலும் ஒரே பூனை படுத்திருந்தது. சோகேஸ் கண்ணாடிகளில் படமெடுக்கிற றவூபின் வயிறு தெரிந்தது. அவள் தன் கமராவுடன் வந்து ஒரு பகல் முழுவதும் நின்று எல்லாவற்றையும் திரும்ப எடுத்தாள். மொழிபெயர்ப்பும் முடிந்தது. வேலை நடக்கும்போதே பார்க்கலாம் என்று அவள் ஒரு தற்காலிக முகவரியை இருவருக்கும் அனுப்பினாள். கடைசியில் மிச்சமிருந்தது ஒரு பக்கம்தான், 'எங்களைப் பற்றி'. கடையை யார், எப்படித் தொடங்கினார்கள் என்று நாலு வரி போதும் என்று கேட்டிருந்தாள்.

றவூப் அன்றே அனுப்பினார். 'ஜனாப் றவூப் அவர்கள் தனி ஒருவராக, தளராத முயற்சியால் கட்டியெழுப்பிய நிறுவனம்' என்று அது தொடங்கியது. அவள் அப்படியே போட்டாள். மறுநாள் பஸாலிடமிருந்து குரல் பதிவு வந்தது. பஸால் அட்டாளைச்சேனையில் கல்யாணம் முடித்து மனைவி வீட்டில் இருப்பவர், தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகிறவர். பாதிப் பதிவு காற்று. மிச்சப் பாதியில், "தனி ஒருவரா? அப்ப நான் ஆரு, வாடகைக்கு வந்தவனா? இப்பிடிப் போடுங்க: தலைசிறந்த கலைஞர் ஜனாப் பஸால் அவர்களின் கைவண்ணத்தில் உருவான நிறுவனம்" என்று இருந்தது. அதையும் போட்டாள். றவூப் அதை எடுக்கச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் போட்டாள். யாருடைய பெயர் முதலில் என்று கேள்வி வந்தது.

பெயரை விட்டுப் படத்தைப் போடலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். பிறகு அதற்காக வருந்தினாள். றவூப் நாற்காலியில் இருக்கும் படத்தில் பஸால் பின்னால் நின்றார். "கார் றைவர் மாதிரி இரிக்கி" என்றார் பஸால். தனித்தனிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். றவூப் கடையிலிருந்து அளவு நாடாவோடு வந்து, அவளுடைய லெப்டொப் திரையில் இரண்டு தலைகளையும் அளந்தார். "அவன்ட தலை கால் இஞ்சி கூட" என்றார். "அவர்ட தலை உண்மையாவே பெருசுதானே நானா" என்றாள் அவள். "கடைல இரிக்கட்டும். வெப்சைட்ல என்னத்துக்கு?"

தலைகளைச் சமப்படுத்திய பிறகு ஒரு நாள் அமைதியாகப் போனது. அதற்குப் பிறகு யாரோ போனில் திறந்து பார்த்துவிட்டார்கள். கணினியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படங்கள் போனில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். மேலே றவூப், கீழே பஸால். மாற்றினாள். மேலே பஸால், கீழே றவூப். திறக்கிற ஒவ்வொரு தரமும் ஆள் மாறி வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தாள். தான் திறக்கும்போது மட்டும் மச்சான்தான் மேலே வருகிறார் என்று இருவரும் தனித்தனியாக முறைப்பாடு செய்தார்கள்.

சும்மா தருவதாகச் சொன்ன மூன்று மாற்றங்கள் எப்போதோ கடந்திருந்தன. அவள் பில்லைப் பற்றி எழுதினால், "அது அவர்ட மாத்தம், அவருக்குச் சொல்லுங்க" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே பதில் வந்தது. ஒரே கடைக்குள், ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருந்துகொண்டு, அவர்கள் இப்போது மருதமுனை வழியாகத்தான் கதைத்தார்கள். "ரெண்டாம் நம்பர் கட்டிலுக்குக் கால் செஞ்சாச்சாமா எண்டு கேளுங்க தங்கச்சி" என்று ஒரு நாள் றவூபின் செய்தி வந்தபோது, அவள் தன்னையறியாமல் கேட்டுச் சொல்லியும் விட்டாள். அடுத்து வந்த பஸாலின் பதிவில் காற்று இருக்கவில்லை. எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுப் பேசியிருந்தார். "நான் அட்டாளைச்சேனையில தனியாப் பட்டறை போடப் போறன். அதுக்கும் ஒரு வெப்சைட் செய்யோணும். ஒரு படம் போதும்."

ஹிமாயாவுக்கு அதில் சந்தோசப்பட முடியவில்லை. நாலு வரி கேட்டதற்கு ஒரு கடை இரண்டாகப் போகிறது. தான் கேட்காமல் விட்டிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டே லெப்டொப்பை மூடினாள்.

அடுத்த நாள் அவள் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அபாயா அணிந்த ஒரு பெண் கையில் வட்டிலப்பச் சட்டியோடு இறங்கினாள். "நான்தான் ஸுல்பிகா" என்றாள். "கட போர்ட்ல பேரா இரிக்கிறவ."

உள்ளே வந்து இருந்து, தண்ணீர் குடித்து, பிறகு சொன்னாள். "என்ட தம்பி பகல் சோறு எங்கட ஊட்டுலதான் தின்ற. ஒரு கிழமையா வாறல்ல. ஆக்கின சோறு மிஞ்சுது. கேட்டா, வெப்சைட்டாம். சோறு தின்ன உடாத சாமான் என்னெண்டு பாப்பம் எண்டு வந்தன்."

ஹிமாயா எல்லாவற்றையும் காட்டினாள். ஸுல்பிகா தளராத முயற்சியை வாசித்தாள், கைவண்ணத்தை வாசித்தாள், தலைகள் மேலும் கீழும் மாறுவதைப் பார்த்தாள். தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

"ரெண்டும் பொய் புள்ள. உண்மை ரெண்டு பேருக்கும் வெக்கம்."

அவளுடைய கல்யாணத்தின்போது வீடு கட்டியே வாப்பாவின் கை வெறுமையாகிவிட்டது. கட்டிலுக்கு வழியில்லை. ஓர் ஓடாவியிடம் தச்சுவேலை பழகிக்கொண்டிருந்த தம்பி பஸால், ராத்தாவுக்கு நான் செய்கிறேன் என்று சொல்லி, கூரைக்கு வாங்கி மிஞ்சிய மரத்தில் ஒரு கட்டில் செய்தான். அவன் தனியாகச் செய்த முதல் சாமான். மாப்பிள்ளை வந்தார். வீடு நிறையச் சொந்தக்காரர், விறாந்தை முழுக்கப் பாய்.

"ரெண்டாம் நாள் ராவு" என்று ஸுல்பிகா குரலைத் தாழ்த்தினாள், அறையில் வேறு யாரும் இல்லாதபோதும். "கட்டில் ஒரு பக்கத்தால விழுந்திட்டு. ஊடு முழுக்க எழும்பிட்டு. இவர் கதவத் துறந்து, பூனை எண்டு சொன்னாரு. என்ன பூனை? கல்முனைச் சந்தையில மீன் விக்கிறவன்கூட அடுத்த நாள் பூனையச் சுகம் விசாரிச்சான்."

காலையில் பஸால் அழுதுகொண்டு பின்பக்கம் நின்றான். புது மாப்பிள்ளை அவனை ஏசுவார் என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்க, றவூப் அவன் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அவர் அப்போது ஒரு இரும்புக் கடையில் வேலை. தகடும் ஆணியும் அவருக்குத் தெரியும், மரம் இவனுக்குத் தெரியும். "பின்னேரம் அசர் பாங்கு சொல்லுறவரைக்கும் வெளியில வரல்ல. வரக்குள்ள கட்டிலும் சரி, கடையும் சரி. சேந்து செய்வம் எண்டு அதுக்குள்ளதான் கதைச்சிரிக்காங்க. ஆனா ஒருத்தருக்கும் சொல்லப்படாது எண்டு சத்தியம் வேற."

"இத எழுதலாமா ராத்தா?"

ஸுல்பிகா வட்டிலப்பச் சட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "எழுது. விழுந்த எண்டு எழுதாத. பழுதாப் போச்சு எண்டு எழுது. ராவு எண்டும் எழுதாத."

ஹிமாயா அப்படியே எழுதினாள். ராவு இல்லை, பூனை இல்லை. ஒரு தம்பி செய்த கட்டில், ஒரு மாப்பிள்ளை பூட்டிய தகடு. படங்களை எடுத்துவிட்டாள். மூன்று மொழியிலும் போட்டாள்.

அடுத்த நாள் காலை, தனித்தனியாக வரவேண்டிய இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றாக வந்து கேற்றில் நின்றன.

"இத எடுங்க தங்கச்சி" என்றார் றவூப். "ஊர் மறந்து போன கத. திரும்பச் சிரிக்கும்."

"ஒரு ஓடாவி தன்ட கட்டில் முறிஞ்ச எண்டு போடுவானா?" என்றார் பஸால். "எடுங்க."

"ரெண்டு பேரும் ஒரே பேச்சா?" என்று கேட்டாள் ஹிமாயா.

இருவரும் அப்போதுதான் அதைக் கவனித்து, வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் மேலே எதையும் சொல்வதற்குள் றவூபின் போன் அடித்தது. அறுகம்பைக்காரர். றவூபுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார்.

"றவூப் ஹாஜி, நீங்க முதல் நாளே லிங்க் அனுப்பின. நாங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் பாத்துக்கு வாறம்" என்றது குரல். றவூபின் முகம் வெளிறியது. தற்காலிக முகவரியைத் தான் ஆசையில் அனுப்பிவைத்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஒரு நாள் ஒரு ஆள், மறுகா வேற ஆள், பொறகு மேல கீழ மாறி மாறி ரெண்டு தல. கட கைமாறுதோ எண்டு என்ட பாட்னர் பயந்திட்டாரு. இண்டைக்குத்தான் விளங்கிச்சு. அவர் ஒண்டு கேக்கச் சொன்னாரு. அந்தக் கட்டில் இப்ப எங்க?"

றவூப் மச்சானைப் பார்த்தார். மச்சான் நிலத்தைப் பார்த்தார்.

"என்ட ஊட்டுலதான் இரிக்கி" என்றார் றவூப். "நான் அதிலதான் படுக்கிற."

"அப்ப படம் போடுங்க. அத அவர் பாக்கோணுமாம். பாத்திட்டுச் சொல்றம்."

படுக்கையறைக்குள் கமரா வரக்கூடாது என்று ஸுல்பிகா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே கட்டிலைத்தான் வெளியே எடுக்க வேண்டும், பிரதான வீதிக்கு அந்தப் பக்கமிருக்கும் கடைக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தகடு பூட்டிய நாளிலிருந்து அந்த அறையை விட்டு வெளியே வராத கட்டில் அது. வாசலில் இறுகிவிட்டது. றவூப் தலைமாட்டையும் பஸால் கால்மாட்டையும் பிடித்தபடி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சாய்க்கச் சொல்லுங்க தங்கச்சி" என்றார் பஸால்.

குசினியிலிருந்து ஸுல்பிகா சொன்னாள். "அவள் படம் எடுக்க வந்தவள். உனக்கு வாய் இல்லியா?"

பஸால் கால்மாட்டை இறுக்கிப் பிடித்தார்.

"வலத்தால சாயுங்க மச்சான்" என்றார் பஸால்.

"நீ மொதல்ல தூக்கு" என்றார் றவூப். பஸால் தூக்கினார். கட்டில் வாசலைச் சுரண்டிக்கொண்டு வெளியே வந்தது.

ஒழுங்கை வழியாகக் கொண்டுபோகும்போது எங்கே கட்டில் போகிறது என்று கேட்காத வீடு இல்லை. இருவரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. "பள்ளம்" என்றார் ஒருவர். "கண்டன்" என்றார் மற்றவர். பிரதான வீதியில் வாகனங்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. கை வலித்ததால் வீதி ஓரத்திலேயே கட்டிலை வைத்தார்கள். வெயில் இரும்புத் தகடுகளில் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. றவூபுக்கு மூச்சு வாங்கியது. அவர் கட்டிலின் ஓரத்தில் மெல்ல அமர்ந்தார். வேறு இடமில்லாததால் பஸாலும் மற்றப் பக்கம் அமர்ந்தார். அக்கரைப்பற்று பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பின.

அப்போது கட்டில் கிறீச் என்றது.

இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு, ஒருவரையொருவர் பார்க்காமலே, பாரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடாதபடி ஒரே நேரத்தில் மெதுவாகக் குனிந்து, இரண்டு பக்கத்தாலும் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள்.