கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கியவர்கள்

எங்கள் கென்டக்கி மலையில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஊரே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்துவிடும். என் தம்பி டெல்மர் முதுகில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் ஞாயிறன்று, சர்ச் கலைந்த கையோடு எல்லோரும் வந்தார்கள். பரிவு கொஞ்சம்தான். மீதிக் கண்ணெல்லாம் சமையலறை ஜன்னலில் இருந்த, அபின் வகை வலி மாத்திரையான ஆக்ஸிகோடோன் பாட்டில் மேல்.

இங்கே வேட்டைத் துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டுவார்கள். இத்தனை பேரைப் புதைகுழிக்கு அனுப்பிய வலி மாத்திரையை ஊறுகாய் போலத் திறந்து வைப்பார்கள். சொந்தக்காரர்களை நம்பாமல் பூட்டினால் மரியாதைக் குறைவாம்! நான் பாட்டிலை எடுத்துத் துப்பாக்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

சித்தி மகன் ஹோபர்ட் கன்னத்தைப் பிடித்தபடி வந்தான்.

"அண்ணே, பல்லு உயிர் போகுது. டெல்மரோடதுல ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"டாக்டர் அவன் உடம்பப் பாத்து எழுதுனது அது. நீ மூச்சு மெஷின் மாட்டிக்கிட்டுத் தூங்குறவன். நரம்ப அடக்குற மாத்திரை வேற முழுங்குற. இதையும் போட்டா தூக்கத்துலயே மூச்சு நின்னுரும்."

"ஒரு மாத்திரைக்கு இம்புட்டுப் பிரசங்கமா? உங்க ஸ்டாம்பர் குடும்பத்துல இல்லேன்னு சொன்னதே கிடையாதுன்னு எங்கப்பா சொல்வாரு."

"உங்கப்பா பொய்யும் நல்லாச் சொல்வாரு."

கூடம் சிரித்தது. ஹோபர்ட் முகம் சிவந்து கிளம்பினான். தம்பி மனைவி லூவெல்லா ஓடிப்போய் அவன் கையில் ஒரு சோளரொட்டிப் பொட்டலத்தைத் திணித்தாள்.

கூட்டம் கலைந்ததும் பெருமையாக என்னிடம் வந்தாள்.

"கவலப்படாதீங்க மாமா, நம்ம மானம் போகல. யாராச்சும் கேப்பாங்கன்னு காலையிலயே ரெண்டு மாத்திரை எடுத்து வச்சிருந்தேன். ரொட்டிக்கு நடுவுல வச்சுக் குடுத்துட்டேன்."

சொந்தக்காரனைக் கொன்று காப்பாற்றும் மானம்! டிரக்கை எடுத்தேன். கொடுத்த சாப்பாட்டைத் திரும்பக் கேட்ட குடும்பத்தைப் பற்றி எங்கள் சர்ச்சில் பேரன் காலம் வரை பேசுவார்கள். அது எனக்கும் தெரியும்.

ஹோபர்ட் தன் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் பீர், மறு கையில் மாத்திரை. எதிர்வீட்டு வாசலில் முழுக் குடும்பமும் வேடிக்கை பார்த்தது.

"குடு."

"என்னண்ணே, குடுத்தத வாங்க வந்தீங்களா?"

"ஆமா. இன்னொண்ணு எங்க? முழுங்கிட்டியா?"

"பொட்டலத்துலதான் இருக்கு."

பிரித்துப் பார்த்தேன், இருந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஊர் பூராச் சொல்றேன் பாருங்க, ஸ்டாம்பர் குடும்பம் குடுத்ததத் திரும்பப் புடுங்குச்சுன்னு!"

"சொல்லுடா. காலைல கண்ணு முழிச்சு, அப்புறமும் சொல்லு. இப்ப வண்டில ஏறு. பல்லுக்கு ஆஸ்பத்திரியில பாப்பாங்க."

முறைத்துக்கொண்டே ஏறினான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ஜன்னலை இறக்கி அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அவன் நன்றாகச் சொல்லட்டும் என்று நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.