பானைக்குள் மூன்றாம் முறை

அன்று மணமேடையில் இருந்தவர்கள் ஆறு பேர்: மணப்பெண் ஓவியா, மாப்பிள்ளை முகிலன், அவன் அம்மா ஹேமாவதி, அவன் நண்பன் கேசவன், பெண் வீட்டுக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் சத்யநாராயணன், ஓவியாவின் பெரியப்பா பொன்னுரங்கம். கோவிலம்பாக்கத்து மண்டபத்தில் மற்றவர்கள் பந்தியில் இருந்தார்கள்.

மஞ்சள் தண்ணீர் நிறைந்த மண்பானையில் மோதிரத்தைப் போட்டவர் பொன்னுரங்கம். தகப்பனில்லாத பெண்ணுக்கு அது அவர் கடமை. இருவரும் கைவிட்டுத் துழாவ வேண்டும், மூன்று முறை. "மூணாவது தடவை அவருக்கு வுட்டுக் குடுத்துடு, நம்ம வூட்டு வழக்கம்" என்று காலையிலேயே ஓவியாவிடம் சொல்லி வைத்திருந்தார்.

முதல் முறை ஓவியா எடுத்தாள். இரண்டாவதும் அவளே.

"இன்னா மச்சான், இனிமே வூட்ல அவங்க ராஜ்யம்தானா?" என்றான் கேசவன். முகிலன் சிரிக்கவில்லை.

சத்யநாராயணனுக்கு வாய் சும்மா இருக்காது. "கண்ணுல படாம கையாலயே தேடறதுக்கு இங்கிலீஷ்ல க்ரோப்னு ஒரு சொல். இறுக்கிப் புடிக்கிற க்ரிப்புக்கும் அதுக்கும் ஒரே வேர். இருட்டுல தடவறதுக்கும் அதான், பஸ்ல பொம்பளைங்க மேல கை வெக்கிறதுக்கும் அதான். ரெண்டு அர்த்தமுமே பல நூறு வருஷப் பழசு."

"கல்யாண வூட்ல இன்னா பேச்சு சார் இது?" என்று அடக்கினார் பொன்னுரங்கம்.

மூன்றாம் முறை. முழங்கை வரை நனைந்திருந்த ஓவியாவின் கை சட்டென்று நின்றது. உதட்டைக் கடித்தாள், ரத்தம் கசிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள். சபையில் குரல் எழுப்பாதே என்று அவளை வளர்த்தவர் அவர்தான்.

"கைய எடுங்க மாப்ள" என்றார் பொன்னுரங்கம்.

"விளையாட்டு பெரியப்பா" என்றான் முகிலன். கை வெளியே வரவில்லை.

தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கீழே முந்நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வாய் திறந்தால் பெண் வாழாவெட்டி, திறக்காவிட்டால்? பொன்னுரங்கம் ஊன்றியிருந்த கைத்தடியை ஓங்கிப் பானையின் வயிற்றில் அடித்தார்.

பானை பிளந்து தண்ணீர் மேடையெங்கும் ஓடியது. முகிலனின் முஷ்டிக்குள் ஓவியாவின் மோதிர விரல் புறங்கைப் பக்கமாக மடிந்து கிடந்தது. மோதிரம் அவன் சுண்டுவிரலில் ஏறியிருந்தது. அவள் அதை எப்போதோ விட்டுக்கொடுத்திருந்தாள்.

அடுத்த அடி முகிலனின் மணிக்கட்டில். எலும்பு உடைந்தது, அவன் அலறல் பந்தி வரை கேட்டது. பாய்ந்து வந்த கேசவன் பொன்னுரங்கத்தின் முகத்தில் குத்தினான். இரண்டு பற்கள் விழுந்தன. அவர் தடியை விடவில்லை. "என் புள்ளையக் கொன்னுட்டான் கெழவன்" என்று ஹேமாவதி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஓவியாவின் கையில் கட்டுப் போட்டபின், காவல் நிலையத்தில் புகார் எழுத உட்கார்ந்தார் சத்யநாராயணன். "மோதிரம் தேடும்போது விரல் சிக்கிச்சுன்னு போட்டா ரெண்டு குடும்பத்துக்கும் மரியாதையா போயிடும்" என்றார் மெதுவாக.

பொன்னுரங்கம் வாயிலிருந்த ரத்தத்தைத் துண்டில் துடைத்தார். "அவன் தேடல சார். ஒடிச்சான். அப்படியே எழுதுங்க. நான் அடிச்சதையும் எழுதுங்க."

பானை ஓடு பட்டுத்தான் பெண்ணுக்கு விரல் ஒடிந்ததாகக் கோவிலம்பாக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பானை உடையும் முன்பே விரல் ஒடிந்திருந்தது.