ஏப்ரல் தண்ணீர்

பைலியாங் ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில் மியாவ் குய்லான் இருபத்திரண்டு வருடங்களாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பாசி எண்ணுகிறாள். ஏப்ரலில் தெளிந்த தண்ணீரில் பழுப்பு டயாட்டம் பாசி, ஜூனில் பச்சைப் பாசி, ஆகஸ்டில் நாறும் நீலப்பச்சைப் பாசி. ஒன்று போய் ஒன்று வரும். ஏரியைக் கவனிக்க அரசு நியமிக்கும் ஏரித் தலைவர்களும் அப்படித்தான். கரையில் நிற்கும் பலகையில் இதுவரை ஆறு பெயர்களை அழித்து எழுதியாகிவிட்டது. பாசிகளிடமாவது ஓர் ஒழுங்கு உண்டு.

ஏழாவது பெயர் ஃபெங் தெபியாவ். ஏப்ரலில் மாகாண அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பார்த்து “மிக நன்று” என்று எழுதியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆகஸ்டில் மறுபடி வருவார்களாம். அப்போது காட்டுவதற்கென்று, அந்த ஏப்ரல் நாளிலேயே ஐம்பது மெல்லிய நீல பிளாஸ்டிக் டிரம்களில் ஏரித் தண்ணீரை நிரப்பி, முற்றத்து வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு முத்திரை குத்திய காகிதச் சீல் ஒட்டினார்.

“தலைவரே, அதுங்க உயிருள்ளதுங்க. டிரம்முக்குள்ளயும் ஒண்ணு செத்து இன்னொண்ணு வரும்,” என்றாள் குய்லான்.

“சீல் ஒட்டியிருக்குக்கா. என் கையெழுத்து இருக்கு. அதை மீறி எது உள்ள வரும்?”

“வர வேண்டியது ஏற்கெனவே உள்ளதான் இருக்கு.”

“ஆகஸ்ட்ல இதை ஏரித் தண்ணின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, பாசி அள்ளுற படகுல ஆள் பத்தலையாம்.”

ஐம்பத்து மூன்று வயதில் படகில் நின்று பாசி அள்ளினால் முதுகு ஒடிந்துவிடும். ஆனால் பார்க்காத ஒன்றை அவள் தன் நோட்டில் எழுதியதே இல்லை.

ஆகஸ்டில் ஏரி பச்சை பெயிண்டைக் கொட்டியதுபோல் ஆனது. ஃபெங் கவலைப்படவில்லை. அதிகாரிகள் வர ஒரு வாரம் இருக்கையில் புயல் அடித்து ஏரியை அடிவரை கலக்கிவிட்டுப் போனது. தண்ணீர் குளிர்ந்தது, நீலப்பச்சை சிதறியது, டயாட்டம் தலைகாட்டியது. ஏரித் தண்ணீரையே காட்டலாம் என்று குய்லான் ஓடிப்போய்ச் சொன்னாள்.

“ஏரியையெல்லாம் நம்ப முடியாதுக்கா,” என்றார் ஃபெங்.

மாகாண அதிகாரி கெங் அம்மாள் வந்ததும், அவர் மழையில் அலைய வேண்டாமென்று ஃபெங் தண்ணீரைத் தயாராகப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி, ஏழாம் டிரம்மில் ஒட்டிய சீல் காகிதத்தைத் தானே கிழித்தார். மூடி திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். உள்ளே கஞ்சி மாதிரி நீலப்பச்சை.

“இது எங்க பிடிச்ச தண்ணி?” என்று கேட்டார் கெங்.

ஏரி என்றால் ஏரியின் மானம் போகும், டிரம் என்றால் ஃபெங்கின் மானம் போகும். ஃபெங் குய்லானைப் பார்த்தார். அவள் படிவத்தை எடுத்து எழுதினாள்: முற்றம், ஏழாம் டிரம், ஏப்ரல் பதினாறில் நிரப்பியது. கீழே கையெழுத்தும் போட்டாள்.

செப்டம்பரில் பலகையில் எட்டாவது பெயர் வந்தது. குய்லானின் நாற்காலி தப்பியது. புதுத் தலைவர் சூ முதல் நாளே முற்றத்துக்குப் போய் டிரம்களைத் தட்டிப் பார்த்தார்.

“ஃபெங் பண்ணினது சுத்த முட்டாள்தனம்கா,” என்றார். அவளுக்கு மனசு லேசானது.

“காகிதச் சீல் எங்கயாவது தாங்குமா? பூட்டுல்ல போட்டிருக்கணும்.”