கூடப் பிறந்தவர்கள்

ரங்கனுக்கு ரத்தம் போவது அவன் மனைவி மாணிக்கம்மாளுக்கே வெகுநாள் தெரியாது. வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டான். கேட்டதற்கு மூலச்சூடு என்றான். துத்திக்கீரையை வதக்கித் தின்றான். உடம்பு இளைத்து, களியும் இறங்காமல் போன பிறகுதான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அந்த வருஷம் சாமை அறுப்புக்கு அவன் இல்லை.

ஆஸ்பத்திரியில் ரம்யா டாக்டர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் மாணிக்கம்மாள் மனதில் தங்கிவிட்டது.

"இவருக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களாம்மா? உடம்பு நல்லா இருந்தாலும் அவங்க குடலைப் பார்த்துடணும். ஆரம்பத்துல வலியும் இருக்காது, ஒண்ணும் தெரியாது."

கருமாதி முடிந்ததும் கொழுந்தன் புருஷோத்தமனிடம் சொன்னாள். அவன் புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டுகிறவன்.

"எனக்கு இன்னா அண்ணி? நல்லாத்தான கீறேன்."

பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதன்பிறகு அவளைக் கண்டாலே வேறு பேச்சு பேசினான்; மனைவி மஞ்சுளாவிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

புளி உலுக்கி முடிந்த சமயம், ஒரு காலையில் அவள் அவன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். திருப்பத்தூரில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"ஊர் வந்துடுச்சு அண்ணி."

"வேலூருக்கு வுடு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்தான்.

"உங்க அண்ணன் நோவுல மட்டும் சாவல தம்பி," என்றாள். "கட்டினவ எங்கிட்டயே சொல்ல வெக்கப்பட்டாரு. அந்த வெக்கத்துலதான் நாள் போச்சு. நீயும் அப்படிப் போனா நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு மஞ்சுளாவப் பாப்பேன்?"

அவன் மெதுவாகக் கேட்டான். "மஞ்சுளாவுக்குத் தெரியுமா?"

"அவதான் என்ன அனுப்புனா."

அவன் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தேதிக்கு முந்தின நாளே போய்த் தங்கினார்கள். குடல் சுத்தமாவதற்கு அவர்கள் கொடுத்த மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். மறுநாள் மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

ரம்யா டாக்டரே வெளியே வந்தார்.

"ரெண்டு சின்னக் கட்டி இருந்துச்சும்மா, காளான் மொட்டு மாதிரி. பார்க்கும்போதே எடுத்துட்டோம். டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு. பார்த்தவரைக்கும் பயப்படுற மாதிரி இல்ல. விட்டிருந்தா சில வருஷத்துல புத்துநோயா மாறியிருக்கலாம். இனிமே சொல்ற நேரத்துக்கு வந்து பார்த்துக்கணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மாணிக்கம்மாள் தயங்கினாள். "எங்க வூட்டுக்காரருக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்மா," என்றார் டாக்டர்.

அவள் வராந்தாவின் கடைசிவரை நடந்துபோய் சுவரோரம் நின்றாள். மலைபோல இருந்த மனுஷனைக் கொண்டுபோனது ஒரு காளான் மொட்டு. முன்னாலேயே பார்த்திருந்தால் ஒரு காலை நேரத்தில் எடுத்துப் போட்டிருப்பார்கள். சாவுக்கு அழுததைவிட இதற்குத்தான் அவளுக்கு அதிகம் அழுகை வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

மயக்கம் தெளிந்த புருஷோத்தமன் பசிக்கிறது என்றான். இட்லி வாங்கிக் கொடுத்தாள். மயக்கம் கொடுத்த அன்று வண்டி ஓட்டக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் ஜீப்பை எடுத்துவரவில்லை; பஸ்ஸில் திரும்பினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன், போனை எடுத்து ஆலங்காயத்தில் இருக்கும் அக்கா செல்லம்மாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, நான் குடல் டெஸ்டு பண்ணிகினு வர்றேன். ஆமா, குழாய் வுட்டுத்தான் பாத்தாங்க. கட்டி இருந்துச்சு, எடுத்துட்டாங்க. நீயும் பாக்கணும். இன்னா வெக்கம்? அண்ணனுக்கு ரத்தமா போச்சே, அது தெரியுமில்ல உனக்கு?"

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.