அறுபது வீட்டு மாஹனி

மேற்கு கார்க்கின் ஒரு கிராமத்தில் மதுக்கடை நடத்தும் ஹன்னா மாஹனிக்கு அவள் குடும்பப் பெயரையே சொல்லிக்கொடுக்க பாஸ்டனிலிருந்து வால்டர் என்று ஒருவன் வந்திருந்தான்.

"மாஹனி இல்லீங்க, மஹோனி. நாம ராஜ வம்சம்," என்று வால்டர் மதுக்கடை மேசையில் வம்சாவளித் தாளை விரித்தான்.

ஹன்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த ஊர்ல அறுபது வீடும் மாஹனிதான் தம்பி. அதனால அந்தப் பேர யாரும் சீண்டுறதில்ல. வீட்டுக்கு வீடு பட்டப்பேர்தான்."

"எங்க வீட்டுக்கு?"

தாளை ஒரு பார்வை பார்த்தாள். "கப்பலேறி ஓடின டேனியல் வகையறாவா? ஆட்டுத்திருடன் வீடு."

அவன் பயபக்தியோடு குறித்துக்கொண்டான். "இத எப்படி உச்சரிக்கணும்?"

"மெதுவா. உன் பக்கத்துல குடிச்சிட்டிருக்காரே, அவங்க வீட்டு ஆடுதான் அது."